மேலே பலகை, கீழே மழை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தரை சரிந்து இறங்குகிறது. அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள ஊர்களில் நிறைய வீடுகள் இப்படிச் சரிவில்தான் நிற்கின்றன. வாசலில் நின்றால் தரைமட்டம். கூடத்தைக் கடந்து பின்பக்கம் வந்தால் மாடி. அந்த உயரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தளம், இங்கே எல்லோரும் டெக் என்று சொல்வது. அதற்குக் கீழே, பேஸ்மென்ட் கதவைத் திறந்ததும், 12 அடிக்கு 20 அடி சிமென்ட் தரை. நிழல் உண்டு, காற்று உண்டு. மழையும் உண்டு, அதுதான் பேச்சு.

டெக்குக்கு அடியில் சீலிங் போடலாமா வேண்டாமா என்று இந்த வசந்தகாலம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். போட்டால் கீழே நனையாது. நாற்காலி போடலாம், விளக்கு மாட்டலாம். கேள்வி இவ்வளவுதான், ஒரு சாயங்காலத்தில் முடித்திருக்கலாம். நோட்டில் பக்கம் பக்கமாகப் போகிறது.

*

பலகைக்கும் பலகைக்கும் நடுவே கால் அங்குலம் போல இடைவெளி விட்டுத்தான் அடிக்கிறார்கள், தண்ணீர் மேலே தேங்கக் கூடாது என்று. அதாவது இந்தத் தளம் ஒழுகுவதற்காகவே கட்டப்பட்டது. அதன் கீழே நனையாமல் உட்கார வேண்டும் என்பது நம்முடைய ஆசை. தளத்தைக் குறை சொல்ல முடியாது.

ஜூன், ஜூலையில் பிற்பகலில் இடி இடித்துக் கொட்டும். கொஞ்ச நேரத்தில் வெயில் வந்துவிடும். மேலே பலகைகள் ஆவி விடத் தொடங்கும்போது கீழே இன்னும் பெய்துகொண்டிருக்கும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் இடத்தை நான் பார்த்ததில்லை. சொட்டுகள் விழுவதிலும் ஒரு வரிசை உண்டு: ஒவ்வொரு இடுக்குக்கும் நேர் கீழே ஒரு கோடு. சிமென்ட் முடிந்து மண் தொடங்கும் ஓரத்தில் அந்தக் கோடுகள் விரல் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருக்கின்றன. ஜார்ஜியாவின் செங்களிமண் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. கரைந்து சரிவோடு போய்விடும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது அட்லாண்டாவில் இரண்டு நாளில் 11 அங்குலத்துக்கு மேல் பெய்தது. அந்த வாரம் டெக்குக்குக் கீழே இருந்த கோடுகள் எல்லாம் ஒன்றாகி ஒரே ஓடை.

மார்ச் கடைசியில் பைன் மரங்கள் மகரந்தம் கொட்டும். கார், ஜன்னல், தபால்பெட்டி எல்லாம் மஞ்சள். அப்போது மழை வந்தால் கீழே சொட்டுவதும் மஞ்சள்தான். முதல் வருஷம் அதைப் பார்த்த அத்தை, என் மாமியார், "யாரோ மேல நின்னு மஞ்சத்தண்ணி ஊத்துற மாதிரி இருக்கேம்மா" என்றார்.

*

அத்தைக்கு வேண்டியது துணி காயப்போட இடம். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிப்படி வெளியே கொடி கட்டக் கூடாது. டிரையரில் போட்டு எடுத்த பருத்திப் புடவையை அவர் புடவையாகவே மதிப்பதில்லை. டெக்குக்கு அடியில் என்றால் தெருவிலிருந்து யார் கண்ணிலும் படாது, மழை மட்டும் வராமல் இருந்தால் போதும் என்கிறார்.

கணவருக்கு வேண்டியது மின்விசிறி, டீவி, கிரிக்கெட். சீலிங் இல்லாமல் இது எதுவும் நடக்காது என்று முடிவே கட்டிவிட்டார். பக்கத்துத் தெருவில் ஒருவர் போட்டிருக்கிறார். வெள்ளைத் தகடு, அதில் புதைத்த குட்டி விளக்குகள், ஓரத்தில் மழைநீர்க் குழாய். உள்ளே நின்று பார்த்தால் அது வீட்டின் இன்னொரு அறை. அழகாகத்தான் இருந்தது. அண்ணாந்து பார்த்தபோது மட்டும் எனக்கு என்னவோ போல இருந்தது.

எனக்கு வேண்டியது மழை பெய்யும்போது மழைக்குப் பக்கத்தில் உட்கார ஓர் இடம். நனையவும் கூடாது, உள்ளே போய்விடவும் கூடாது. தாழ்வாரம் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

டெக்கின் மேலே நின்றால் தெரிவது பலகை, கைப்பிடி, பூந்தொட்டி. அது எதில் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கீழே போக வேண்டும்.

16 அங்குலத்துக்கு ஒன்றாகச் சட்டங்கள் ஓடுகின்றன. வெளிப்பக்கம் அவை ஓர் உத்தரத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டுப் பக்கம், சுவரோடு சேர்த்து முடுக்கிய ஒரு நீளச் சட்டத்தில், இரும்புக் கொண்டிகளில் தொங்குகின்றன. அந்தச் சுவர்ச்சட்டத்துக்கு இங்கே லெட்ஜர் என்று பெயர். டெக் சரிந்து விழுந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் அது. அரை அங்குல போல்ட் போட வேண்டிய இடத்தில் வெறும் ஆணி அடித்திருப்பார்கள். பாரம் ஏற ஏற ஆணி பிதுங்கி வெளியே வரும். அல்லது சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் தடுக்கும் தகர மடிப்பை விட்டிருப்பார்கள்; சட்டம் பின்பக்கமாக இத்துப்போகும். எங்கள் லெட்ஜரில் போல்ட் இருக்கிறது. கீழே போகும்போதெல்லாம் தலைகளை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

ஓரத்தில் அழகுக்காக அடித்த பைன் பலகையின் அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு வட்டமான துளைகள். ஏப்ரலில் கருவண்டுகள் போட்டவை. நம் ஊரில் மூங்கிலையும் கூரை மரத்தையும் துளைக்கும் வண்டின் உறவுக்கார இனம்தான். துளையை நான் முதலில் பார்க்கவில்லை; சிமென்ட் தரையில் கிடந்த மரத்தூளைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன். சீலிங் இருந்திருந்தால் அந்தத் தூள் சீலிங்கின் முதுகில் விழுந்திருக்கும்.

என் பாட்டி வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் செங்கலைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புத் தளம் போட்ட கூரை. கூடத்தில் படுத்தால் சட்டங்கள் அப்படியே தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர் ஏணியில் ஏறினால் முதலில் ஒவ்வொரு சட்டத்தையும் முஷ்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்பார். கரையான் உள்ளே புகுந்த சட்டம் தட்டினால் பொக்கென்று பேசும். இப்போது சென்னையில் என் தங்கையின் ஃபிளாட்டில் எல்லா அறையிலும் ஃபால்ஸ் சீலிங். மேல்வீட்டுக் குளியலறை ஒழுகுவது அவளுக்குத் தெரிந்தது, வெள்ளைச் சீலிங்கில் பழுப்பு வட்டம் விழுந்த பிறகு.

*

வீடு 1998இல் கட்டியது. அந்தக் காலத்தில் வெளியே போடும் மரம் என்றால் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் கலந்த கரைசலை அழுத்தி ஏற்றிய மரம்தான். பூஞ்சையும் கரையானும் அண்டாது. ஆர்சனிக் பயத்தால் 2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அதைத் தயாரிப்பதை அமெரிக்காவில் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு வந்தது ஆர்சனிக் இல்லாத, செம்பு கூடுதலான மரம். அது சாதாரண ஆணியை அரித்துவிடும். அதற்குத் தக்க துத்தநாகம் பூசிய ஆணியோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும்.

மழை அந்தப் பழைய மரத்தைக் கழுவிக்கொண்டு இறங்கும்போது ஆர்சனிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் சேர்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு முதலில் நினைவு வந்தது புதினா. அத்தை சொட்டு விழும் கோட்டுக்கு நேராகப் பாத்தி பிடித்திருந்தார். தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று. பிடுங்கிப் போட்டேன். "நல்லா வந்துட்டிருந்துச்சேம்மா" என்றார். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

ஆக, தண்ணீரை மேலேயே பிடித்து ஒரு குழாயில் விடுவதற்கு நாற்காலியையும் கிரிக்கெட்டையும் தாண்டி ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எங்கே பிடிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

*

சீலிங் என்று நினைக்கும்போதெல்லாம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி குறுக்கே வருகிறது. 2015 ஜூன் 16, நள்ளிரவு தாண்டிய நேரம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது தளத்தில் பிறந்தநாள் விருந்து. ஆட்கள் நின்றிருந்த பால்கனி முறிந்து மடங்கியது. ஆறு பேர் இறந்தார்கள், ஏழு பேருக்குக் காயம். பெரும்பாலும் கோடை விடுமுறையில் வேலை பார்க்க அயர்லாந்திலிருந்து வந்திருந்த மாணவர்கள். கட்டடம் 2007இல் முடிந்தது. எட்டே வருஷம்.

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மரச்சட்டங்கள் உள்ளே இத்துப்போயிருந்தன. மேலே தளம், கீழேயும் பக்கவாட்டிலும் பூச்சு. அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லை. வெளியே நிற்பவர் உள்ளே பார்க்கவும் வழியில்லை. அந்தப் பால்கனியில் வந்து நின்றவர்களுக்கு அது புதுக் கட்டடத்தின் நல்ல பால்கனி.

பிறகு கலிஃபோர்னியா 2018இலும் 2019இலும் சட்டங்கள் கொண்டுவந்தது. வாடகைக் குடியிருப்புகளில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை, உரிமையாளர் சங்கங்கள் நடத்தும் அடுக்குமாடிகளில் ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை, மரத்தில் நிற்கும் பால்கனிகளையும் தளங்களையும் ஆள் வைத்துச் சோதிக்க வேண்டும். ஜார்ஜியாவில் தனி வீட்டில் இருக்கும் எனக்கு அந்தச் சட்டம் செல்லாது. சோதிக்க வேண்டியவள் நான்தான்.

எங்கள் டெக்கின் சட்டங்கள் சுவரிலிருந்து அந்தரத்தில் நீளவில்லை, உத்தரமும் தூணும் தாங்குகின்றன. பெர்க்லியோடு ஒப்பிட்டுப் பயப்படுவது கொஞ்சம் அதிகம் என்று கணவர் சொல்கிறார். அது சரிதான். ஆனால் பூஞ்சைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதற்கு வேலையில்லை. 30ஐ நெருங்கி அங்கேயே நின்றுவிட்டால் தின்னத் தொடங்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஓட்டிவிட்டது இந்த டெக். பாதி ஆர்சனிக்கின் புண்ணியம், பாதி கீழே தடையில்லாமல் ஓடிய காற்றின் புண்ணியம் என்பது என் எண்ணம்.

*

கடையில் இரண்டு வழிகள் விற்கிறார்கள். விளம்பரப் படம் இரண்டுக்கும் ஒன்றுதான்: காய்ந்த தரை, மெத்தை வைத்த நாற்காலி, சுழலும் விசிறி.

ஒன்று, சட்டங்களுக்குக் கீழே வினைல் அல்லது அலுமினியத் தகடுகளை வாட்டம் கொடுத்து மாட்டுவது. அடிக்குக் கால் அங்குலம் சரிந்தால் தண்ணீர் ஓடிவிடும். மேல் பலகையைத் தொட வேண்டாம், வேலை சீக்கிரம் முடியும், பார்வைக்கு லட்சணம். பக்கத்துத் தெருக்காரர் போட்டிருப்பது இதைத்தான். ஆனால் மழை பலகை வழியே இறங்கி, சட்டத்தை முழுசாக நனைத்து, அதற்குப் பிறகுதான் தகட்டில் விழுகிறது. சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே எட்டிப் பார்க்க முடியாத ஓர் இருட்டு. இலை அங்கே சேரும், மகரந்தச் சேறு சேரும், குளவி கூடு கட்டும். தகடுகளைக் கழற்றி மாட்டலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். கழற்றலாம், கழற்றுவேனா?

இன்னொன்று, மேல் பலகைகளை எல்லாம் எடுத்துவிட்டு, சட்டங்களின் தலைக்கு மேல் நீர்புகா விரிப்பைப் போட்டு, ஒவ்வோர் இரண்டு சட்டங்களுக்கு நடுவிலும் வாய்க்காலாகத் தொங்கவிடுவது. வீட்டுப் பக்கம் தொங்கல் குறைவு, வெளிப்பக்கம் அதிகம். வாட்டம் தானாக வந்துவிடும். மூட்டுகளுக்குப் பியூட்டைல் ஒட்டுநாடா. அதன் மேல் மறுபடி பலகை. சட்டத்தின் தலையில் தண்ணீர் படுவதே இல்லை. கீழே நின்று அண்ணாந்தால் சட்டங்களின் அடிப்பக்கம் தெரியும், வீட்டோரம் தொங்கல் குறைவு என்பதால் லெட்ஜரின் போல்ட்டும் தெரியும். கூடவே தொங்குகிற கறுப்பு விரிப்பும் தெரியும். அழகென்று சொல்ல மாட்டேன். செலவும் கூடுதல், 20 அடி டெக்கில் ஒரு பலகை பாக்கியில்லாமல் பெயர்க்க வேண்டும்.

இந்த விரிப்புக்குக் கீழே ஆசைப்பட்டவர்கள் மரப்பலகையில் சீலிங்கும் அடித்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தை நான் திருப்பிவிட்டேன்.

*

ஒரு காலத்தில் அமெரிக்க வீடுகளுக்கு முன்னால்தான் வெளியே உட்கார இடம் இருந்தது. தெருவைப் பார்த்த போர்ச், அதற்குக் கூரை, ஊஞ்சல். கார் பெருகித் தெரு இரைச்சலான பிறகு, டீவியும் ஏசியும் மாலைகளை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, மிச்சமிருந்த வெளிவாழ்க்கை வீட்டின் பின்பக்கம் போயிற்று. மரத்தளத்துக்கு அந்தஸ்து வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் தோட்டக்கலைஞர் தாமஸ் சர்ச். கலிஃபோர்னியாவின் சொனோமாவில் 1948இல் அவர் அமைத்த டானெல் தோட்டத்தில், ஓக் மரங்களை வெட்டாமல் அவை நின்ற இடத்தில் ஓட்டை விட்டு ரெட்வுட் பலகை அடித்திருக்கிறார். அந்தத் தளத்தின் படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாம் மேலே நின்று எடுத்தவை.

*

பேஸ்மென்ட் கதவுக்கு மேலே இருக்கும் விளக்கின் தலையில் ஒரு ஃபீபி கூடு கட்டியிருக்கிறது. பழுப்பும் சாம்பலுமான சின்ன ஈப்பிடிப்பான், உட்கார்ந்தால் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். கூட்டில் மண், பாசி, புல். முன்பெல்லாம் பாறை இடுக்குகளில் கட்டிய பறவை. மனிதர்கள் பாலம் கட்டியதும் பாலத்துக்கு அடியில் வந்தது, இப்போது டெக்குக்கு அடியிலும்.

1804இல் பென்சில்வேனியாவில் ஃபீபி குஞ்சுகளின் காலில் வெள்ளி இழை கட்டிவிட்டதாகவும், அடுத்த வசந்தத்தில் அவற்றில் இரண்டு திரும்பி வந்ததைப் பார்த்ததாகவும் ஓவியர் ஆடுபான் எழுதிவைத்தார். வட அமெரிக்காவில் பறவைக்கு அடையாளம் கட்டியதில் இதுவே முதல் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அந்த 1805 வசந்தத்தில் ஆசாமி பிரான்சில் அல்லவா இருந்தார் என்று பிற்கால ஆய்வாளர் ஒருவர் கேட்டுவிட்டார். எனக்கு ஆடுபானை இதற்காகவே கொஞ்சம் பிடித்துப்போனது.

முட்டையோ குஞ்சோ இருக்கும்போது இந்தக் கூட்டைக் கலைக்கக் கூடாது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம். ஃபீபி பெரும்பாலும் இரண்டு ஈடு பொரிக்கும். ஆக ஜூலை கடைசிவரை டெக்கில் சுத்தியல் சத்தம் கிடையாது. தள்ளிப்போட இதைவிட மரியாதையான காரணம் கிடைக்காது. கணவர் காலண்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

*

தச்சர் வந்து பார்த்தார். குவாத்தமாலாக்காரர், நெடுநாளாக டெக் மட்டுமே கட்டிவருகிறவர். அளவு எடுப்பார் என்று நினைத்தேன். சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு சட்டத்தையும் குத்திப் பார்க்கத் தொடங்கினார். பேச்சே இல்லை. நல்ல மரத்தில் முனை நிற்கும். கெட்ட மரத்தில் இறங்கும். ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்தது. மாடிப்படிக்குப் பக்கத்துச் சட்டத்தின் மேல்முனையில் அரை அங்குலம் இறங்கியது. பலகை ஸ்க்ரூவின் துளை வழியாக வருஷக்கணக்காகத் தண்ணீர் இறங்கிய இடம்.

மேலே போய்ப் பலகைகளைப் பார்த்தார். வளைந்தவை, நரம்பு பிளந்தவை. "இதெல்லாம் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ மாத்தணும். கீழ தகடு போட்டா எனக்கு வேலை சீக்கிரம் முடியும், காசும் வரும். நீங்க சொல்லுங்க" என்றார்.

பலகையை எப்படியும் எடுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு பெரிதாக யோசிக்க ஒன்றும் மீதியில்லை. விரிப்பைச் சட்டத்துக்கு மேலே போடுவது. படிப்பக்கத்துச் சட்டத்தை மாற்றுவது. கீழே எதுவும் மூடாமல் விட்டுவிடுவது. பழைய மரத்தை அறுக்கும்போது முகமூடி போட வேண்டும், துண்டுகளை எரிக்கக் கூடாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அவரே சொல்லிவிட்டார்.

விசிறி பற்றிக் கணவர் கேட்டார். இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு கட்டை கொடுத்து அதில் மாட்டலாம், ஈரக்காற்றைத் தாங்கும் தரத்தில் வாங்க வேண்டும், வீட்டுக்குள் மாட்டும் விசிறியின் இறக்கை இந்தப் புழுக்கத்தில் தொங்கிப்போகும் என்றார் தச்சர். டீவியை அவர் சிபாரிசு செய்யவில்லை. பக்கவாட்டில் அடிக்கும் சாரலுக்கு எந்த விரிப்பும் பதில் சொல்லாது.

*

குடியிருப்புச் சங்கத்தின் விண்ணப்பத்தில் நிறைய கட்டங்கள். பலகையின் நிறம், கைப்பிடியின் நிறம், மழைநீர்க் குழாய் எந்த மூலையில் இறங்கும், தண்ணீர் பக்கத்து வீட்டு எல்லைக்குள் போகாது என்பதற்கு உறுதிமொழி. டெக்கின் கீழ்ப்பக்கம் எப்படித் தோன்றும் என்று ஒரு கட்டம். "இப்போது உள்ளபடியே" என்று எழுதினேன்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தச்சர் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூடலைன்னா நல்லதுதான். இந்தச் சட்டத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் கொடி கட்டலாம்ல? கேளும்மா" என்றார். கேட்டேன். நாலு கொக்கி போதும், துருப்பிடிக்காத எஃகில் வாங்கி வையுங்கள், வரும்போது திருகித் தருகிறேன் என்றார்.

விண்ணப்பத்தில் கொக்கிக்கென்று கட்டம் எதுவும் இல்லை. நானும் எழுதவில்லை.